நம்ம எம்.பி.யோட மினிட்ஸ் நோட்டு

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுத்த தலைப்பு "நாடாளுமன்றத்தில் நமது உறுப்பினர்". தலைப்பை வாசிச்சதுமே பாதிப் பேர் முகத்தைப் பார்த்தேன். கட்சி பேசப்போறாளோன்னு ஒரு சந்தேகம். இல்லீங்க. நம்ம குழுவில் எல்லாக் கட்சிக்காரங்களும் இருக்காங்க, ஒரு கட்சியும் வேணாம்ங்கிறவங்களும் இருக்காங்க. நான் குழுவுக்குக் கணக்கு எழுதுறவ. நோட்டு பார்க்கிற பழக்கம் எனக்கு உண்டு. அந்தப் பழக்கத்தோட எம்.பி.யோட நோட்டையும் எப்படிப் பார்க்கலாம்னு சொல்லத்தான் வந்தேன்.

முதல்ல எது யாரோட வேலைன்னு ஒரு வார்த்தை. தெருவிளக்கு, குப்பை, கால்வாய் அடைப்பு எல்லாம் கவுன்சிலர், மாநகராட்சி. தண்ணி லாரி குடிநீர் வாரியம். ரேஷன் கடை, பட்டா, மகளிர் உரிமைத் தொகை எல்லாம் மாநில அரசு, அதுக்கு எம்.எல்.ஏ. அப்போ எம்.பி.க்கு என்ன? நம்ம ஊரைச் சுத்திப் பாருங்க. சென்னைத் துறைமுகம் மத்திய அரசோடது. எண்ணூரில் இருக்கிற காமராஜர் துறைமுகமும் அப்படித்தான். ரயில் மத்திய அரசு. கடற்கரை ஓரத்தில் எதைக் கட்டலாம், எதைக் கட்டக்கூடாதுன்னு சொல்ற கடலோர ஒழுங்குமுறை அறிவிப்பு மத்திய அரசோடது. நமக்குக் கடன் கொடுக்கிற வங்கிக்கு விதி போடுறது ரிசர்வ் வங்கி. வேற ஊர்ல எம்.பி. எப்பவோ ஒரு தடவை தேவைப்படலாம். நமக்குக் காலையில் எழுந்து மூச்சு விடுறதிலிருந்து அவரோட வேலை ஆரம்பிக்குது.

வடசென்னை மக்களவைத் தொகுதியில் ஆறு சட்டமன்றத் தொகுதி இருக்கு. திருவொற்றியூர், ஆர்.கே. நகர், பெரம்பூர், கொளத்தூர், திரு.வி.க. நகர், ராயபுரம். எண்ணூர் திருவொற்றியூருக்குள்ள வரும். ஆனா ஆத்துக்கு அந்தப் பக்கம் அத்திப்பட்டு, காட்டுப்பள்ளி, மீஞ்சூர் எல்லாம் பொன்னேரித் தொகுதி, அது திருவள்ளூர் மக்களவைத் தொகுதிக்குப் போகுது. கொசஸ்தலை ஆறு ஒண்ணு, அதுக்கு எம்.பி. ரெண்டு பேர். இந்தப் பக்கம் டாக்டர் கலாநிதி வீராசாமி, தி.மு.க., 2019லும் 2024லும் ஜெயிச்சவர். அந்தப் பக்கம் சசிகாந்த் செந்தில், காங்கிரஸ். ஆத்தைப் பத்தி மனு எழுதினா ரெண்டு பிரதி எழுதுங்க. இல்லேன்னா இவர் அவர் தொகுதிம்பார், அவர் இவர் தொகுதிம்பார்.

1957ல் துறைமுகத் தொழிலாளர் தலைவர் எஸ்.சி.சி. அந்தோணிப்பிள்ளை நம்ம தொகுதியிலிருந்து போனார். 1980ல் ஜெயிச்ச ஜி. லட்சுமணன் மக்களவைத் துணை சபாநாயகராகவே இருந்தார். 2019லிருந்து 2024 வரைக்கும் இருந்த மக்களவையில் அந்த நாற்காலியில் அஞ்சு வருஷமும் யாரையும் உட்கார வைக்கல. நம்ம ஊர்க்காரர் உட்கார்ந்த நாற்காலிங்கிறதால சொல்றேன். இத்தனை பேர் போயிருக்காங்க, வடசென்னையிலிருந்து இதுவரைக்கும் ஒரு பெண் போனதில்லை.

சரி, நோட்டுக்கு வருவோம். நம்ம குழுவில் என்னென்ன நோட்டு? வருகைப் பதிவேடு, தீர்மானப் புத்தகம், சேமிப்பு, கடன் பேரேடு. எம்.பி.க்கும் வருகைப் பதிவு இருக்கு. கூட்டம் நடக்கிற நாளில் கையெழுத்து போடணும். போட்டாத்தான் அன்றைய படி. 2023 ஏப்ரல் கணக்குப்படி மாதச் சம்பளம் 1,24,000 ரூபாய், கூட்ட நாள் படி 2,500 ரூபாய். அமைச்சர்களுக்குக் கையெழுத்து கிடையாது. அதனால அமைச்சரா இருக்கிற எம்.பி.க்கு வருகைக் கணக்கே வராது. நாடாளுமன்ற இணையதளத்திலும், பி.ஆர்.எஸ். என்ற ஆய்வு நிறுவனத்தின் இணையதளத்திலும் ஒவ்வொரு எம்.பி. பேருக்கும் நேரா இதெல்லாம் இருக்கு. காலேஜ் போற பொண்ணு கையில் இருக்கிற போன்லயே பார்த்துடலாம். எல்லாம் இங்கிலீஷ்ல இருக்கும், ஆனா எண்ணு எந்த மொழியிலும் எண்ணுதானே.

தேர்தல் வந்தா பேப்பர்ல போடுவாங்க, இவர் இத்தனை சதவீதம் வந்தார், அவர் இத்தனை சதவீதம்னு. நம்ம குழுவில் வருகை நூத்துக்கு நூறு வெச்சிருக்கிற ஆளை எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். வருவாங்க, கையெழுத்து போடுவாங்க, டீ குடிப்பாங்க, கிளம்புவாங்க. கையெழுத்து போட்ட ஆள் எத்தனை மணி நேரம் உட்கார்ந்தார்னு அந்தப் பதிவு சொல்லாது. குறைவா இருக்கிற வருகைக்கும் காரணம் பார்க்கணும். இதுக்கு வெளியூர் உதாரணம் வேணாம், நம்ம தொகுதியிலேயே இருக்கு.

2023 டிசம்பர் 4. அந்தத் தேதியை இங்க யாருக்கும் ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. மிக்ஜாம் புயல். வெள்ளத்தோட மணலித் தொழிற்சாலைப் பக்கத்திலிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, எண்ணூர் கழிமுகம் வரைக்கும் போச்சு. சுவர்ல இடுப்பு உயரத்துக்குக் கறுப்புக் கோடு. படகு, வலை, பாத்திரம், குழந்தைங்க துணி எல்லாத்திலும் அந்தப் பிசுக்கு. தாழங்குப்பம், நெட்டுக்குப்பம், காட்டுக்குப்பம் பக்கத்துப் பெண்கள் இங்க இருக்கீங்க. இறால் தடவுறதும் நண்டு பிடிக்கிறதும் நின்னுபோன நாள்களை நீங்கதான் சொல்லணும்.

அதே டிசம்பர் 4ஆம் தேதிதான் டெல்லியில் குளிர்காலக் கூட்டத்தொடர் ஆரம்பிச்சது. இப்போ நாள்காட்டியை வெச்சுப் பாருங்க. எழுத்து மூலமா ஒரு கேள்வி கேட்கணும்னா எம்.பி. 15 நாளுக்கு முன்னாடியே எழுதிக் கொடுக்கணும். கூட்டத்தொடர் 21ஆம் தேதி முடிஞ்சுபோச்சு. அதனால எண்ணெய் வந்த பிறகு கேள்வி எழுதினாலும் அந்தத் தொடரில் பதில் வர வழி இல்லாத மாதிரிதான். மிச்சம் இருக்கிறது பூஜ்ய நேரம், அப்புறம் 377ஆம் விதி. அவசரமான விஷயத்தை எழுந்து சொல்றதுக்கு, எழுதிக் கொடுக்கிறதுக்கு உள்ள வழிங்க இவை. இதுக்கு ஆள் அவையில் இருக்கணும்.

நடுவுல 13ஆம் தேதி ரெண்டு பேர் பார்வையாளர் மாடத்திலிருந்து குதிச்சுப் புகை விட்டாங்களே, ஞாபகம் இருக்கா? அதுக்கு உள்துறை அமைச்சர் அவையில் வந்து விளக்கம் சொல்லணும்னு எதிர்க்கட்சிக்காரங்க பதாகையோட நின்னாங்க. கூட்டம் கூட்டமா இடைநீக்கம் பண்ணினாங்க. ரெண்டு அவையிலும் சேர்த்து 146 பேர். டிசம்பர் 18ஆம் தேதி மக்களவையில் மட்டும் 33 பேர். அந்தப் பட்டியலில் நம்ம எம்.பி. பேரும் உண்டு. தொடர் முடியும்வரை உள்ள வரக்கூடாது. நின்னது சரியா, நீக்கினது சரியா, அது உங்க உங்க கருத்து. நான் கணக்குக்காரியா பார்க்கிறது ஒண்ணுதான்: 18ஆம் தேதியிலிருந்து வடசென்னை நாற்காலி காலி.

அந்த நாற்காலி காலியா இருந்தப்போ, டிசம்பர் 20ஆம் தேதி, மக்களவையில் மூணு பெரிய சட்டம் நிறைவேறுச்சு. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தையே எடுத்துட்டு வந்த பாரதிய நியாய சன்ஹிதா அதுல ஒண்ணு. நம்ம பொண்ணுங்களுக்காக மகளிர் காவல் நிலையம் போறப்ப "498ஏ போடுங்க"ன்னு சொல்வோமே, 2024 ஜூலை 1லிருந்து அதுக்கு எண் 85. நம்ம வாழ்க்கையைத் தொடுற சட்டம். அது குரல் வாக்கெடுப்பில் நிறைவேறின நேரத்தில் ஆதரவுன்னோ எதிர்ப்புன்னோ சொல்ல வடசென்னைக்கு ஆள் இல்ல.

21ஆம் தேதி கூட்டத்தொடர் முடிஞ்சது. அஞ்சு நாள் கழிச்சு, 26ஆம் தேதி ராத்திரி, பெரியகுப்பம் கடலுக்கடியில் உரத் தொழிற்சாலைக்குப் போற குழாயிலிருந்து அமோனியா கசிஞ்சது. நடுராத்திரி கைக்குழந்தையோட ஜனம் தெருவுல ஓடினது உங்களுக்கே தெரியும். நாடாளுமன்றம் மறுபடி கூடினது 2024 ஜனவரி 31. இடைக்கால பட்ஜெட், பிப்ரவரி 10ல் முடிஞ்சது. அப்புறம் தேர்தல். புது மக்களவையோட முதல் கூட்டத்தில் கேள்வி நேரம் கிடையாது. கேள்வி நேரம் திரும்ப வந்தது ஜூலை 22. ஆக எண்ணெயும் வந்து, வாயுவும் வந்த பிறகு, ஏழு மாசத்தில் ஒரு எம்.பி. மத்திய அமைச்சரைக் கேள்வி நேரத்தில் கேட்க முடிஞ்சது பிப்ரவரி முதல் வாரத்தை ஒட்டின சில நாள் மட்டும்தான். நடுவுல தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தானா முன்வந்து வழக்கு எடுத்தது. மாநில அரசு மீனவக் குடும்பத்துக்கு 12,500, மத்தக் குடும்பத்துக்கு 7,500ன்னு நிவாரணம் அறிவிச்சது. அதையெல்லாம் குறைச்சுச் சொல்லல. ஆனா துறைமுகத்தையும், எண்ணெயையும், கடற்கரை விதியையும் கையில் வெச்சிருக்கிற அரசு பதில் சொல்ற இடம் நாடாளுமன்றம். அங்க நமக்குக் கிடைச்ச நாள் அவ்வளவுதான்.

அடுத்தது ஓட்டு. நாம அவருக்கு ஓட்டுப் போட்டோம், அவர் அங்க எப்படி ஓட்டுப் போட்டார்? இதுதான் எல்லாரும் கேட்கிற கேள்வி. பதில் கேட்டா கொஞ்சம் ஏமாத்தமா இருக்கும். பெரும்பாலான மசோதாவுக்குப் பேர் பேரா ஓட்டே எடுக்கிறதில்லை. சட்டசபையில் "ஆம் என்போர் ஆம் என்க"ன்னு கேட்பாங்களே, அதே மாதிரி குரல் வாக்கெடுப்பு. சத்தம் எந்தப் பக்கம் ஜாஸ்தின்னு சபாநாயகர் தீர்மானிப்பார். யார் ஆம் சொன்னார், யார் வாயே திறக்கலங்கிறதுக்குப் பதிவு கிடையாது. யாராவது எழுந்து "எண்ணிப் பாருங்க"ன்னு கேட்டாத்தான் மூணரை நிமிஷம் மணி அடிச்சு, கதவைச் சாத்தி, பொத்தானையோ சீட்டையோ வெச்சு எண்ணுவாங்க. 2020 செப்டம்பரில் வேளாண் சட்டங்களுக்கு மாநிலங்களவையில் எண்ணச் சொல்லிக் கேட்டும் எண்ணாம குரல் வாக்கெடுப்பிலேயே முடிச்சாங்கன்னு பெரிய ரகளை ஆச்சு. அடுத்த வருஷம் நவம்பரில் அந்தச் சட்டங்களை வாபஸ் வாங்கினதும் குரல் வாக்கெடுப்பில்தான்.

அரசியல் சட்டத்தையே திருத்தணும்னா மட்டும் கட்டாயம் எண்ணணும். அப்படி எண்ணினதுதான் நம்ம மகளிர் இடஒதுக்கீட்டு மசோதா. 2023 செப்டம்பர் 20, மக்களவையில் ஆதரவு 454, எதிர்ப்பு 2. மறுநாள் மாநிலங்களவையில் ஆதரவு 214, எதிர்ப்பு ஒண்ணுகூட இல்ல. தி.மு.க.வும் ஆதரிச்சது. அன்னிக்கு நாமளும் இனிப்பு கொடுத்தோம். ஆனா அந்தச் சட்டத்துக்குள்ளேயே எழுதி வெச்சிருக்கு: மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடக்கணும், அதுக்கப்புறம் தொகுதி மறுவரையறை ஆகணும், அதுக்கப்புறம்தான் மூணில் ஒரு பங்கு. 2024 தேர்தலில் மக்களவைக்கு ஜெயிச்ச பெண்கள் 543ல் 74 பேர். முந்தின தடவை 78. கடன் மஞ்சூர்னு கடிதம் வந்து, பணம் கணக்கில் ஏறாத மாதிரி. 454 ஓட்டுங்கிற பதிவைப் பார்த்துச் சந்தோஷப்படலாம், ஆனா அதோட நோட்டை மூடிட முடியாது.

இன்னொண்ணும் இருக்கு. 1985ல் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டப்படி, கட்சி கொறடா உத்தரவு போட்டா அந்த மாதிரிதான் ஓட்டுப் போடணும். மீறினா பதவியே போகலாம். அப்போ ஒரு எம்.பி.யோட ஓட்டுப் பதிவைத் திறந்து பார்த்தா அதுல தெரியறது பெரும்பாலும் கட்சி. இது எல்லாக் கட்சிக்கும் பொருந்தும். அந்த ஆள் எப்படின்னு தெரியணும்னா வேற பக்கம் பார்க்கணும். எண்ணூரைப் பத்திக் கேள்வி கேட்காதேன்னு பொதுவா எந்தக் கொறடாவும் உத்தரவு போடுறதில்லை. கேட்காம விட்டா அது அவர் கணக்கு, கேட்டா அதுவும் அவர் கணக்கு. அதனாலதான் நான் ஓட்டைவிடக் கேள்விப் பக்கத்தைத்தான் முதல்ல திருப்புவேன்.

கேள்வி ரெண்டு வகை. நட்சத்திரக் கேள்வி, அமைச்சர் எழுந்து வாயால பதில் சொல்லணும், எம்.பி. மேல மேல துணைக்கேள்வி கேட்கலாம். ஒரு நாளைக்கு 20தான். குலுக்கல்ல விழணும், விழுந்தாலும் 11 மணியிலிருந்து 12 மணிக்குள்ள முறை வரணும். இன்னொண்ணு நட்சத்திரமில்லாதது, எழுத்தில் பதில், நாளைக்கு 230 வரைக்கும். பேப்பர்ல "இவர் இத்தனை நூறு கேள்வி கேட்டார்"னு வர்றது ரெண்டையும் சேர்த்த கணக்கு. எண்ணிக்கையைப் பார்த்து மலைச்சுடாதீங்க. ஒரே கேள்வியில் நாலஞ்சு எம்.பி. பேர் சேர்ந்து இருக்கும், எல்லார் கணக்கிலும் ஒண்ணு ஏறும்.

கேள்வி எப்படி இருக்குன்னு பாருங்க. "எண்ணூர் கழிமுகம் மாசுபட்டிருப்பது அரசுக்குத் தெரியுமா?"ன்னு கேட்டா "தெரியும்"னு பதில் வரும், கதை முடிஞ்சது. "2023 டிசம்பர் கசிவுக்குப் பிறகு கழிமுகத்து மண்ணிலும் மீனிலும் எந்தெந்தத் தேதியில் சோதனை செய்தீர்கள், யார் செய்தார்கள், முடிவு என்ன, கடலுக்கடியில் போகும் ரசாயனக் குழாய்களைக் கடைசியாக எப்போது பரிசோதித்தீர்கள்?"ன்னு கேட்டா ஒரு வரியில் தப்பிக்க முடியாது. "இது மாநில அரசு விஷயம்"னு பதில் வரலாம். வரட்டும். அதுவும் எழுத்தில் வந்துடுது, அந்தக் காகிதத்தை எடுத்துக்கிட்டு மாநில அரசுகிட்ட போகலாம். "தகவல் திரட்டப்படுகிறது"ன்னு பதில் வந்தா அது அமைச்சர் கொடுத்த உறுதிமொழிக் கணக்கில் சேரும். மூணு மாசத்தில் நிறைவேத்தணும். நிறைவேத்தினாங்களான்னு பார்க்க நாடாளுமன்றத்தில் அதுக்குன்னே ஒரு குழு இருக்கு. நம்மகிட்ட வசூல் பாக்கி நோட்டு இருக்கிற மாதிரி.

தொகுதி மேம்பாட்டு நிதியைப் பத்தியும் சொல்லச் சொன்னாங்க. வருஷத்துக்கு 5 கோடி. எம்.பி. கையில் பணமா வராது. இந்த வேலையைச் செய்யுங்கன்னு அவர் பரிந்துரை பண்ணுவார், மாவட்ட ஆட்சியர் வழியா வேலை நடக்கும். கட்டடம், கழிப்பறை, வகுப்பறை மாதிரி நிலையான சொத்துக்குத்தான். குழுவுக்குச் சுழல்நிதி கொடுங்க, கடன் தள்ளுபடி பண்ணுங்கன்னு இதிலிருந்து கேட்க முடியாது. கொரோனா நேரத்தில் இந்த நிதியையே நிறுத்தி வெச்சாங்க. அதனால 2020, 2021ல் ஒண்ணும் செய்யலன்னு எந்த எம்.பி.யையும் திட்டுறதுக்கு முன்னாடி அதையும் சேர்த்துப் பாருங்க. ஆறு சட்டமன்றத் தொகுதிக்கு 5 கோடி பெரிய தொகையும் இல்ல. நம்ம ஊர்ல ஒரு பேருந்து நிழற்குடையில் எம்.பி. பேர் எழுதியிருந்தா அதைத்தான் அவர் செஞ்ச வேலைன்னு நினைக்கிறோம். எனக்கு அதுல உடன்பாடு இல்ல. நிழற்குடை யார் வேணும்னாலும் கட்டலாம். அமைச்சரை எழுந்து நின்னு பதில் சொல்ல வைக்கிறது எம்.பி.யால மட்டும்தான் முடியும்.

போன செயற்குழுவில் ஒரு அக்கா கேட்டாங்க: "நாம எழுதிக் கொடுத்தா கேட்பாங்களா? கட்சிக்காரி முத்திரை குத்திடுவாங்களே?" நியாயமான பயம்தான். அதனாலதான் தனி ஆள் பேர்ல வேணாம், கூட்டமைப்புக் கடிதத்தாளில், தீர்மான எண்ணோட எழுதலாம்னு முடிவு பண்ணினோம். எழுதினா கேள்வி வருமா வராதான்னு நான் உத்தரவாதம் தர முடியாது. ஆனா எழுதின தேதி நம்ம நோட்டில் இருக்கும், வந்த கேள்வி அவங்க நோட்டில் இருக்கும், ரெண்டையும் பக்கத்தில் வெச்சுப் பார்க்க முடியும்.

வருஷத்துக்கு மூணு கூட்டத்தொடர். ஜனவரி கடைசியில் பட்ஜெட், ஜூலை வாக்கில் மழைக்காலம், நவம்பர் கடைசி, டிசம்பர் வாக்கில் குளிர்காலம். கேள்விக்கு 15 நாள் முன்னாடி கொடுக்கணும்னு சொன்னேனே, அதனால நம்ம கடிதம் ஒரு மாசம் முன்னாடியே அவர் அலுவலகத்துக்குப் போயிடணும். ஒரு பக்கத்துக்கு மேல வேணாம். ஒரு கடிதத்தில் ஒரே விஷயம். சம்பவம் நடந்த தேதி, தெரு, எத்தனை குடும்பம், எந்த ஆஸ்பத்திரி சீட்டு, இதெல்லாம் இருக்கட்டும். "எங்கள் வாழ்வாதாரம் பாதிக்கப்பட்டுள்ளது"ன்னு எழுதினா ஆயிரம் மனுவில் அது ஒண்ணு. "எங்கள் குழுவில் 14 பேர், அதில் 9 பேர் கழிமுகத்தில் நண்டு, இறால் பிடித்து விற்பவர்கள், 2023 டிசம்பருக்குப் பின் எத்தனை மாதம் தவணை கட்ட முடியவில்லை"ன்னு நோட்டைப் பார்த்து எழுதினா அதை வெச்சு அவர் பேச முடியும். அந்த எண்ணு டெல்லியில் எந்த அதிகாரிகிட்டயும் இருக்காது. நம்ம கடன் பேரேட்டில்தான் இருக்கு.

வெளியே மேசையில் மாதிரிக் கடிதம் வெச்சிருக்கோம், குழுவுக்கு ஒண்ணு எடுத்துக்கோங்க. எண்ணூர் பக்கத்துக் குழுக்கள் ரெண்டு பிரதி எடுக்கணும், ஒண்ணு வடசென்னைக்கு, ஒண்ணு திருவள்ளூருக்கு. பூர்த்தி பண்ணினதை அடுத்த மாதாந்திரக் கூட்டத்துக்கு, தவணைப் பணம் கட்ட வரும்போது கையோட கொண்டு வாங்க. முத்திரை போட்டு, பதிவேட்டில் எண் கொடுத்து அனுப்புறது என் பொறுப்பு.